ஜீப்புக் கண்ணாடி

தங்கையாவுக்குக் கோர்ட்டில் வேலை. நீதிபதி போடும் உத்தரவை உரியவர் கையில் கொடுத்து, கையெழுத்தும் நேரமும் வாங்கிவர வேண்டும். போர்ட் பிளேரில் இருபத்தெட்டு வருடமாக ஸ்கூட்டரில் அலைந்து அதைத்தான் செய்துவந்தார். நாயை அவிழ்த்துவிட்ட வீட்டுக்கும் மறுவாரம் போய் நின்றவர்.

அன்று அவர் பையில் இருந்தது ஒச்சம்மா வாங்கிய தடையுத்தரவு. டாலிகஞ்சில் இட்லி விற்றுப் பிழைக்கும் அவளுடைய வீட்டை, விசாரிக்காமல் இடிக்கக்கூடாது என்று நீதிபதி இந்திராணி எழுதியிருந்தார். தங்கையா போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து. ஜேசிபி அப்போதுதான் கூரையைத் தொட்டிருந்தது. இடிக்க வந்த அதிகாரி ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். தங்கையா தட்டினார். முத்திரை தெரியும்படி காகிதத்தைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தார். அதிகாரி பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காயிதம் வந்துட்டாப் போதும்னு வக்கீல் சொன்னாரேய்யா," என்று ஒச்சம்மா அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு கிரைண்டரையாவது எடுக்கலாம் என்று உள்ளே ஓடியவளைப் போலீஸ்காரி இழுத்துப் பிடித்தாள்.

பன்னிரண்டு இருபதுக்குக் கடைசிச் சுவரும் விழுந்தது. கண்ணாடி இறங்கியது. அதிகாரி பேனா கேட்டு வாங்கி, கையெழுத்திட்டு, நேரத்தையும் எழுதினார்.

"அப் மிலா, அப் ரோக் தியா," என்றார் சிரிக்காமல். இப்போதுதான் கிடைத்தது, இப்போதே நிறுத்திவிட்டேன்.

தங்கையா தன் அறிக்கையில் இரண்டு நேரத்தையும் எழுதினார், நடுவில் நடந்ததையும். நீதிபதி அதிகாரியை நேரில் வரச் சொன்னார். ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து வந்த போன்களை நீதிபதி எடுக்கவேயில்லை. அவரை அசைக்க முடியாததால் தங்கையாவிடம் வந்தார்கள். மகள் ப்ரியங்கா அந்த அதிகாரியின் துறையில்தான் ஒப்பந்த வேலை பார்த்தாள்; மார்ச்சில் நீட்டிப்பு வரவேண்டும். அங்கே ஹெட் கிளார்க்கான ரவிசங்கர், ஜங்லிகாட் டீக்கடையில் தங்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் நலத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

தங்கையா சாட்சிக் கூண்டில் ஏறியதும், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"பன்னெண்டு தாண்டி, மேடம். வாட்ச் ஓடல. தப்பா எழுதிட்டேன்."

மூன்று முறை வார்த்தையை மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்று முறையும் அதே பதில். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டு அவரையே பார்த்தார். ஒச்சம்மாவின் சொல் மட்டும் போதவில்லை. நம்பும்படியான சாட்சி இல்லாமல் யாரையும் தண்டிக்கச் சட்டம் அவரை விடாது. அதிகாரி மேல் அவள் போட்ட அவமதிப்பு மனு தள்ளுபடியானது.

வெளியே, தங்கையா செருப்பை மாட்டும்வரை ஒச்சம்மா எதிரிலேயே நின்றாள். "அந்தக் கண்ணாடியில ஒங்க கைரேகை இருந்திருக்கும்யா," என்றாள்.

அறிக்கையில் எழுதியதையே கோர்ட்டிலும் சொன்னேன் என்று தங்கையா வீட்டில் சொல்லியிருந்தார்.

மார்ச்சில் நீட்டிப்புப் பட்டியல் வந்தது. அதில் ப்ரியங்கா பெயர் இல்லை. அவள் அழுதுகொண்டு வரவில்லை.

"நீங்க கோர்ட்ல பொய் சொல்லாம சச் சொன்னதுக்குத்தான்ப்பா என்னை நிப்பாட்டிட்டாங்க. பர்வா இல்ல. ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி பெருமையாச் சொல்லிட்டுத்தான் வந்தேன். ரவிசங்கர் சார்கூட சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனாரு."

தங்கையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.