வில்லனுக்கு நான் கட்டிய கதை

ஒரு குற்றமும் செய்யாத மனிதனை ஊர் வெறுக்கும்படி செய்தவன் நான்.

எங்கள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டக் காலம்; ஊர்வலம் போன பிள்ளைகளைப் போலீஸ் அடித்திருந்தது. பாறசாலையில் கொட்டகை போட்டு நடந்த குஸ்திக் காட்சிக்குப் பள்ளி ஆசிரியனான நான்தான் அறிவிப்பாளன். வில்லனாக இறங்குபவர் அமரவிளை தங்கையன். பரம சாது. பிடிகளை முன்பே பேசி வைத்துக்கொண்டு, கடைசியில் தோற்றுப்போவார். ஜனங்கள் கூவித் திட்டினால்தான் அவருக்குச் சந்தோஷம்.

அன்று கூவல் போதவில்லை. நான் ஒலிபெருக்கியில், "நம்ம பிள்ளைகள லத்தியால அடிச்ச போலீசுகாரன் இவனாக்கும்!" என்று சொல்லிவிட்டேன்.

கொட்டகை அப்படியே அடங்கிப்போயிற்று. யாரும் இருமக்கூட இல்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"எலே, கூவ நாக்கு இல்லியா?" என்று தங்கையன் வழக்கம்போல் தொடையைத் தட்டினார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

அதன்பிறகு சாயாக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும்.

ஞாயிறு ஆராதனையில் நான் சபை முன் எழுந்து, "நான் சொன்னது பொய்" என்றேன். வெளியே வந்ததும் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். "சாரு நல்ல மனசுக்காரன். அவனக் காப்பாத்த கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்லுதீரு."

தங்கையனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தற பேரு சொல்லுதாவளே சாரே. நான் அடிச்சிருப்பேனோ?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். அவரும் என்னை நம்பவில்லை.