ராய்ஸ் உட்காராத வகுப்பு

ராய்ஸ் லிண்ட்க்விஸ்ட் நேர்மையானவர் என்று எங்கள் விமானத் தளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

கேன்சஸில் எங்களுடையது ரிசர்வ் விமானப்படைப் பிரிவு. மாதத்தில் சில நாள் சீருடை, மற்ற நாள் சொந்தப் பிழைப்பு. நடுவானில் போர் விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கும் பெரிய ஜெட் விமானத்தை ராய்ஸ் ஓட்டுவார். நான், டீனா, அதன் வாலில் குப்புறப் படுத்துக் குழாயை இயக்குவேன். பதினான்கு வருடம் அவரை நம்பித்தான் படுத்திருந்தேன். ஊரில் அவருக்குப் பிழைப்பு, வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம். மின்கம்பிக்கு அடியில் புகுந்து எழும்புகிற வேலை. தெளிக்கும் காலம் முடியும்வரை அவர் மனைவி கோலீனுக்குத் தூக்கம் கிடையாது.

பயணிகள் விமான நிறுவனம் ஒன்று இரண்டு முறை கூப்பிட்டது. படையில் ஆள் குறைவு என்று இரண்டு முறையும் தட்டிக்கழித்தார். அங்கே எல்லாமே வரிசை எண்தான். முன்னால் சேர்ந்தவனுக்கு நல்ல வழித்தடமும் கிறிஸ்துமஸுக்கு வீடும். பின்னால் வந்தவனுக்கு மிச்சம் மீதி. நாற்பத்தாறு வயதில் மூன்றாவது அழைப்பு வந்தபோது கோலீன் அழுதேவிட்டாள். இனி ஒரு அழைப்பு வராது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த முறை ராய்ஸும் ஒப்புக்கொண்டார். பயிற்சி வகுப்பு திங்கட்கிழமை தொடங்கும் என்றார்கள். அதே வாரம் வியாழக்கிழமையே நான்கு மாதத்துக்கு வளைகுடாவுக்குக் கிளம்ப வேண்டும் என்று படை ஆணை வந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு வழி தெரியும். முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் ஆணையை நீட்ட வேண்டும். எப்போது திரும்பி வந்தாலும் வேலையும் எண்ணும் சட்டப்படி நம்முடையவை. துணை விமானி டெரலுக்கும் அதே வகுப்புக்கு அழைப்பு வந்திருந்தது. அவன் அப்படித்தான் செய்யப் போவதாகச் சொன்னான்.

"ஒரு நாள் உக்காந்துட்டு வாடா. அவ்வளவுதான்," என்றான் ராய்ஸிடம்.

"திங்கக்கிழமை கைகுலுக்கிட்டு செவ்வாக்கிழமை கம்பி நீட்டுறதா? என்னால முடியாது."

"இத கோலீன்கிட்ட போய்ச் சொல்லு."

அவளிடம் சொல்லவில்லை. வகுப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, திரும்பி வந்ததும் அடுத்த வகுப்பில் சேர்கிறேன் என்றார். எதிர்முனையில் பேசிய பெண் அவரை வாயாரப் புகழ்ந்தாளாம். என்னிடம் சொல்லும்போது முகத்தில் பெருமை.

வியாழக்கிழமை இருவரும் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பறந்தார்கள். டெரலிடம் எண் இருந்தது. ராய்ஸிடம் புகழ்ச்சி இருந்தது.

திரும்பி வந்தபோது நிறுவனம் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்தது. மாதா மாதம் கூப்பிட்டுக் கேட்டார். கடைசியில் அந்தப் பெண் குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொண்டு, இன்னும் இல்லை என்றாள். மறு வருடம் எங்கள் விமானங்கள் கிழடு தட்டிவிட்டன என்று அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். பிரிவையும் மூடிவிட்டார்கள். கடைசி விமானத்தை ஓட்டிப்போனவர் ராய்ஸ்தான்.

இரண்டு வருடம் கழித்து, இந்த ஜூனில், மறுபடி ஆள் எடுக்கிறார்கள். படிவத்தைக் காட்ட என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கடந்த ஒரு வருடத்தில் ஜெட் விமானத்தில் பறந்த நேரம் எவ்வளவு என்று கேட்டிருந்தது. பூஜ்யம். மருந்து தெளித்த மணிகள் கணக்கில் சேராது. டெரல் இப்போது அதே நிறுவனத்தில் ஹொனலூலுவுக்கு விமானம் ஓட்டிப் போய்வருகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு நாள் சார்," என்றேன்.

ராய்ஸ் படிவத்தை மடித்தார். "எல்லாத்தையும் கேட்டிருக்காங்க டீனா. கண்ணு, காது, எத்தன மணி நேரம் பறந்தேன், எதுல பறந்தேன். அன்னிக்கு ஏன் வரலன்னு மட்டும் ஒரு கேள்வி இல்ல."

கோலீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "கேட்டா மட்டும் என்ன எழுதப் போற?"

அவர் வெளியே போய், சின்ன விமானத்தின் மருந்துத் தொட்டியை நிரப்ப ஆரம்பித்தார்.