ஆற்றங்கரையில் எடுத்த மூன்று கற்கள்

ஐம்பதுகளின் கடைசி. மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக என்னை மாற்றியிருந்தார்கள். ஹட்டனில் அண்ணன் வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்து பழகியவள் நான். இங்கே பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. பிள்ளைகள் போய்விட்டால் மறுநாள் காலை வரை பேச ஆள் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் ஜனங்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அந்த மரியாதையே யாரையும் கிட்ட வரவிடவில்லை.

அந்த வருஷ மழையில் கீழே ஓடிய ஆறு தடம் மாறிவிட்டது. பழைய தடத்தில் கூழாங்கல் மட்டும் கிடந்தது. தண்ணீர் எங்கள் பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு ஓடியது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை நடக்கப் போனேன். அறுபட்ட கரையில், என் இடுப்பு உயரத்தில், கறுப்பாக ஒரு மண்வரி. அதில் பானையோடுகள், கரி, புகை படிந்த மூன்று கற்கள். அடுப்பேதான்.

இந்த மலைக்குத் தேயிலை வருவதற்கு முன்னால், அதற்கு முந்திய காப்பிக்கும் முன்னால், இங்கே ஒருத்தி சமைத்திருக்கிறாள்! அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. நாலைந்து சனிக்கிழமை கூடையோடு போய் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். பானையோடுகளைத் தேய்த்துக் கழுவி ஜன்னலோரம் அடுக்கினேன். கற்களையும் கழுவி என் அடுப்புக்கே வைத்துக்கொண்டேன். துணை கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஆற்றுக்கரைகளில் பழைய குடியிருப்புகளைத் தேடிக்கொண்டு ஒரு சிங்கள இளைஞர் வந்தார். கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி கூட்டி வந்தாள்.

"டீச்சரம்மா, ஒங்க பானையோட்டப் பாக்கணும்னு ஒரு மாத்தயா வந்திருக்காங்க."

ஆசையாகக் காட்டினேன். அவர் தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்.

"மிஸ், இதுல எது மேல இருந்தது, எது கீழ?"

தெரியவில்லை என்றேன்.

"கரி? அடுப்புக்கல்லு?"

கரி கழுவினதில் போய்விட்டது. கல் இருக்கிறது என்று சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனேன். அதன் மேல் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அந்தக் கற்களைப் பார்த்தார்.

ஆற்றுக்குப் போனோம். நான் தோண்டிய இடமே சரிந்து போயிருந்தது. மிச்சமிருந்த கரையில் விரல் வைத்துக் காட்டினார். அடியில் கூழாங்கல். முன்னொரு காலத்தில் ஆறு இங்கேதான் ஓடியிருக்கிறது. அது விலகிய பிறகு, விட்டுப்போன மேட்டில் ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள். பிறகு வந்த வெள்ளங்கள் வண்டலால் மூடின. இப்போது அதே ஆறு திரும்பி வந்து திறந்துவிட்டது.

"நான் தொடாம இருந்திருந்தா?" என்றேன்.

"ஆறு எடுத்திருக்கும், மிஸ். ஆனா எது எங்க இருந்ததுன்னு நீங்க பாத்ததை எழுதி வச்சிருக்கலாம். அதை வச்சுத்தான் அங்க யாரு, எப்படி இருந்தாங்கன்னு சொல்ல முடியும்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கற்களை என் அடுப்பிலேயே விட்டுவிட்டு, பானையோடுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டங்களில் வேலை பார்த்தேன், எங்கேயும் தனியாகத்தான். அந்த அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டதா, இல்லை அதில் சமைத்தவளும் என்னைப்போல் ஒற்றை ஆள்தானா என்று உலை வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அதைச் சொல்லியிருக்கக்கூடிய மண்ணை, துணை தேடிய அவசரத்தில், என் கையாலேயே கலைத்துவிட்டேன்.