அண்ணன் ஏறிய பிக்கப்

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். பௌதிகம் படித்தவன், பெட்ரோலும் ஸ்பார்க்கும் இல்லாமல் எஞ்சின் ஓடாது என்பதைத் தவிர வேறெதையும் நம்பாதவன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

அண்ணன் சிதம்பரத்துக்கும் எனக்கும் பழைய பிக்கப் வண்டி என்றால் பைத்தியம். உலகச் சண்டை முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளைத் திருச்சியில் ஏலம் போட்டபோது, ஒன்று போதாமல் மூன்று எடுத்து, மாடு பூட்டி இழுத்துவந்து, அன்னவாசலுக்கு வெளியே ஒரு கொட்டகையில் நிறுத்தியிருந்தோம். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கத் தேய்க்கச் சேற்றுக்கு அடியிலிருந்து பச்சை வரும், பச்சையில் ஒரு வெள்ளை நட்சத்திரம் வரும், அந்தச் சந்தோஷம் சொன்னால் புரியாது. மூன்றிலும் உருப்படியானதைச் சேர்த்து ஒன்றையாவது ஓட்டிவிடுவது என்று பிடிவாதம். எஞ்சினைக் கிளப்ப நான் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றுவேன், அண்ணன் உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிப்பான். இரண்டு மிதி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு மிதி. "ஒன்னயக் காலேஜுக்கு அனுப்புனதே ஹேண்டில் சுத்தத்தான்டா" என்பான்.

அப்புறம் அவனுக்குக் காசம் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். படுத்த படுக்கையிலேயே கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, மூடி, ஒரு நாள் மத்தியானம் என் கையில் கொடுத்தான்.

"ஒரே ஒரு வாட்டி சித்தன்னவாசல் வரைக்கும் போய்ட்டு வரணும்டா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"பொழுதுக்குள்ள வண்டியோட வாரேன்ணே."

"நடந்து வந்துராத" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது.

கொட்டகைக்குப் போய்க் கார்புரேட்டரை மாட்டி, தன்னந்தனியாகச் சுற்றினேன். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம், ஒரு இருமல்கூட இல்லை எஞ்சினில். பொழுது சாய்ந்துவிட்டது, அழுகை வந்துவிட்டது, ஹேண்டிலை வீசி எறியப் போனேன். அப்போது, நம்பினால் நம்புங்கள், உள்ளே பெடல் மிதிபட்டது. இரண்டு மிதி. நிறுத்தம். ஒரு மிதி.

"விட்டுராதடா, இன்னும் ஒரு சுத்து."

அண்ணன் குரல்தான். சுற்றினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. எழுந்து வந்துவிட்டான் பாவி என்று ஓடிப்போய்ப் பார்த்தால் சீட் காலி. அதை யோசிக்க எனக்கு எங்கே நேரம், ஓடுகிறதே வண்டி, ஏறி வீட்டைப் பார்த்துத் திருப்பினேன்.

தெருமுனையிலேயே ஆத்தாவின் அழுகை கேட்டது. அப்பா ஓடி வந்தார். "வண்டிய அணைடா. விளக்கு வைக்கயிலேயே போய்ட்டான்" என்றார்.

குளிப்பாட்டும்போது மூடியிருந்த வலது கையைப் பிரித்தார்கள். உள்ளே கார்புரேட்டரின் ஜெட். பெட்ரோலை அளந்து விடுகிற பொடிப் பித்தளைத் திருகு. வாயில் வைத்து ஊதி அடைப்பெடுத்துவிட்டு, திருப்பி மாட்ட மறந்திருக்கிறான். அது இல்லாமல் எஞ்சின் ஓடாது, பெட்ரோல் பெருகி மூச்சடைத்துப் போகும். கருமாதி முடிந்து கார்புரேட்டரைப் பிரித்தேன். ஜெட் இருக்க வேண்டிய ஓட்டை காலிதான். மாட்டிப் பார்த்தேன், வேறு ஜெட்டும் போட்டுப் பார்த்தேன், அந்த வண்டி அதற்கப்புறம் ஓடவே இல்லை.

மூன்று வண்டியையும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது எந்த வண்டியிலும் எனக்கு ஆசையில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்துச் சீட்டின் இடது கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாராவது ஏறினால் உள்ளே தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், ஆள் இல்லாவிட்டால் வெளியே கட்டுவோம். அண்ணன் போன அன்று வெளியேதான் கட்டியிருந்தது, என் கையால் கட்டியது. வண்டியை எடைக்குப் போட்ட அன்று பார்த்தேன், கயிறு உள்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது.

அவன் கேட்டது சித்தன்னவாசல். கொட்டகையிலிருந்து அது இந்தப் பக்கம். அவன் ஏறியது தெரியாமல் வீட்டைப் பார்த்து நான் திருப்பியது அந்தப் பக்கம்.