பக்கத்து வீட்டு பூட்ஸில் உருளைக்கிழங்கு

வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தால்விக் ஊர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற ஸ்வாவாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. அடுத்த வீட்டில் நல்லது நடந்தால் அவளுக்கு வயிறு எரியும். இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தோழிக்குக் கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வகுப்பு மொத்தமும் அந்தக் கட்டில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏன் கால் உடையவில்லை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

இப்போது வயது இருபத்தொன்பது. கணவன் ஓட்டார் மீன் ஆலையில் வேலை செய்கிறான்; எதற்கும் பதறாத மனுஷன். ஒரே மகள் லில்யாவுக்கு ஐந்து வயது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்கு பிர்னா குடிவரும்வரை. பிர்னாவின் கணவன் மீன்பிடிக் கப்பலில் போய்விட்டால் வாரக்கணக்கில் வரமாட்டான். ஆனாலும் அவள் வீட்டு ஜன்னலில்தான் தெருவிலேயே முதல் விளக்கு எரியும். அவள் சுடுகிற ரொட்டிதான் முறுகலாக வரும். அவள் மகன் கௌட்டியும் லில்யாவும் ஒரே மழலைப் பள்ளி. சண்டைக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

டிசம்பரில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் எங்கள் ஊரில் ஒரு வேலை உண்டு. மலை ராட்சசியின் பதின்மூன்று பிள்ளைகள், பதின்மூன்றும் திருட்டுப் பயல்கள், கரண்டிநக்கி, கதவறைவான் என்று ஆளுக்கொரு பெயரோடு இரவுக்கு ஒருவனாக இறங்கி வருவார்கள். குழந்தைகள் ஜன்னலில் ஒரு பூட்ஸை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். ஒழுங்காக இருந்த குழந்தைக்குக் காலையில் அதில் ஓர் ஆரஞ்சோ பென்சிலோ இருக்கும். சேட்டை செய்த குழந்தைக்கு உருளைக்கிழங்கு. ராட்சசியின் பிள்ளைகள் யார் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அதை வெளியே விடாமல் இருப்பதுதான் ஊர்க் கட்டுப்பாடு. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை: பூட்ஸில் வைப்பது சின்னதாக இருக்க வேண்டும். மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் அல்லவா?

பதினைந்தாம் தேதி லில்யா பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள்.

"அம்மா, கரண்டிநக்கி கௌட்டிக்கு ஸ்கேட்ஸ் குடுத்திருக்கான். புதுசு! எனக்கு ஏம்மா ஆரஞ்சு? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

பெற்ற பெண் தன்னைக் கெட்ட குழந்தை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது? உண்மையைச் சொன்னால் பதின்மூன்று பயல்களும் ஒரே நாளில் செத்துப் போவார்கள்.

"நாமளும் ஒரு ஸ்கேட்ஸ் வாங்கி வெச்சுட்டாப் போச்சு" என்றான் ஓட்டார்.

"அவளப் பாத்துக் காப்பியடிச்சோம்னு ஊரே சிரிக்கும். நீ பேசாம மீனைச் சாப்பிடு."

பதினாறாம் தேதி கௌட்டிக்கு ரிமோட் கார். பதினேழாம் தேதி நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்து பிர்னா பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் செய்தித்தாள் எதற்கு? அந்தத் தொட்டி போதும்.

"காலைல எழுந்து பூட்ஸைப் பாத்ததும் அவன் மூஞ்சியப் பாக்கணுமே! அப்பா ஊர்ல இல்லாத ஏக்கமே போயிடுது" என்றாள் பிர்னா.

சுற்றியிருந்தவர்கள் "அடடா" என்றார்கள். துண்டு அடுக்க வந்த ஸ்வாவா ஒரே துண்டை நாலு தடவை மடித்தாள்.

பதினெட்டாம் தேதி காலை ஆறரை. கும்மிருட்டு. வாசல் பனியைத் தள்ளப் போகிறேன் என்று ஓட்டாரிடம் சொல்லிவிட்டு ஸ்வாவா வெளியே வந்தாள். ஒரு கையில் மண்வெட்டி, கோட்டுப் பையில் உருளைக்கிழங்கு. எவ்வளவு குளிரானாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள். கௌட்டியின் ஜன்னலும் ஒரு சாண் திறந்திருந்தது. கையை நுழைத்தாள். பூட்ஸுக்குள் ஏதோ பெட்டி தட்டுப்பட்டது. அமுக்கிப் பார்த்தாள். கனமாகவே இருந்தது. இன்னிக்கும் பெரிசா வெச்சிருக்கா, பாவி! பெட்டி மேலே உருளைக்கிழங்கைத் திணித்துவிட்டுத் திரும்பினாள்.

ஏழரைக்குக் கௌட்டி அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது. ஸ்வாவா காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள். இந்த வருஷத்திலேயே ருசியான காப்பி அதுதான்.

அந்த ருசி பதினொரு மணி வரை இருந்தது. எங்கள் ஊரில் டிசம்பரில் அதற்கப்புறம்தான் வெளிச்சம் வரும். வெளிச்சத்தோடு பிர்னாவும் வந்தாள், கையில் உருளைக்கிழங்கோடு.

"ஸ்வாவா, இது உன் வீட்டுதா?"

"உருளைக்கிழங்கு யார் வீட்லதான் இல்ல?"

"வாஸ்தவம். ஆனா என் ஜன்னலுக்கு நடந்து வந்த உருளைக்கிழங்கு இது ஒண்ணுதான். கொஞ்சம் எட்டிப் பாரு, கண்ணு."

ஸ்வாவா எட்டிப் பார்த்தாள். புதுப்பனியில் அவள் வாசல்படியிலிருந்து பிர்னாவின் ஜன்னல் வரை போய், திரும்பவும் அவள் வாசல்படிக்கே வந்து முடிகிற பூட்ஸ் தடம். அச்சு வார்த்தது போல இருந்தது. பனி தள்ளப் போவதாகச் சொன்னவள் பனியை மட்டும் தள்ளவில்லை.

"கதவறைவான் முப்பத்தெட்டாம் நம்பர் பூட்ஸ் போடுவான்னு எங்கம்மா எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் பிர்னா.

"நீ எதுக்கு ஸ்கேட்ஸ் வெச்ச? எம்பொண்ணு அழுதுட்டே வந்தா, தெரியுமா?"

"என் புள்ள, என் பூட்ஸ். நாளைக்குக் குதிரையே கட்டி வெப்பேன். உனக்கென்ன?" என்று கத்தினாள் பிர்னா. அப்புறம் குரல் இறங்கியது. "இனிமே பூட்ஸே வெக்க மாட்டேன்னு கட்டிலுக்கு அடில ஒளிஞ்சிட்டு இருக்கான்டி. பண்ண தப்பெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லி அழறான். நாயோட காதைக் கடிச்சதக்கூடச் சொல்லிட்டான். அவங்கப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஸ்வாவாவுக்கு இப்போதுதான் உறைத்தது. தன் பெண் அழுதாள் என்றுதானே இவ்வளவும்? அதே அழுகையை இன்னொரு குழந்தைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"வீடு மாறிப் போச்சுன்னு கதவறைவான் எழுதின மாதிரி ஒரு சீட்டு வெச்சிடலாம்" என்றாள் மெதுவாக.

"வெக்கலாம். அப்ப அந்தக் கிழங்கு யாருக்குன்னு கேப்பானே? பக்கத்து வீட்ல பூட்ஸ் வெக்கிற குழந்தை யாரு?"

"ஐயோ, லில்யா பேரு வேண்டாம்!"

"அப்ப யாரு பேரு போடட்டும்? நீயே சொல்லு."

ஸ்வாவா பேனாவை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, ஒரு பேரைச் சொன்னாள்.

மறுநாள் காலை கௌட்டி உருளைக்கிழங்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். பின்னால் பிர்னா, ஒன்றும் அறியாத முகத்தோடு. அவள்தான் சீட்டைப் படித்தாள்.

"இது கௌட்டிக்கு இல்லை. பக்கத்து வீட்டு ஸ்வாவாவுக்கு. இருட்டில் ஜன்னல் மாறிவிட்டது. மன்னிக்கவும். கதவறைவான்."

ஸ்வாவாவின் கண் சீட்டில் போனது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. திருட்டுப் பயல் எழுத்துகூட இவளுக்கு அழகாகத்தான் வருமா?

"நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?" என்று கேட்டான் கௌட்டி. லில்யாவும் வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்தாள்.

"பொறாமைப்பட்டேன்" என்றாள் ஸ்வாவா.

"எதுக்கு?"

"உன் ஸ்கேட்ஸுக்கு."

"உங்க காலுக்குப் பத்தாதே!" என்றான் கௌட்டி. உள்ளேயிருந்து ஓட்டார் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது.

அன்றைக்குப் பள்ளியில் லில்யா வைத்ததுதான் சட்டம். "எங்கம்மாவுக்குக் கதவறைவான் உருளைக்கிழங்கு குடுத்தான். பேரு போட்டு, சீட்டோட! உங்க யாரு அம்மாவுக்காவது வந்திருக்கா?" யார் அம்மாவுக்கும் வந்ததில்லை. ஸ்கேட்ஸை அப்புறம் எவன் சீந்துவான்?

இருபதாம் தேதி சாயங்காலம் பிர்னா டிக்கெட் ஜன்னலில் வந்து நின்றாள். நாலு நாளாய்த் தூங்காதவள் மாதிரி முகம்.

"உனக்கு ஏம்மா உருளைக்கிழங்கு வரல, உன்னைய அவங்களுக்குத் தெரியவே தெரியாதான்னு கௌட்டி ஒரே அழுகை. எம்பூட்ஸையும் இன்னிக்கு ஜன்னல்ல வெக்கச் சொல்லிட்டான்."

"வெச்சு நீயே ஒண்ணு போட்டுக்க."

"அன்னிலேர்ந்து என் கையைப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்கறான். அசைஞ்சா முழிச்சிக்கறான். நீ காலைல வந்து போட்டுட்டுப் போயிடு. அவன் பூட்ஸுக்கு வெக்கறது இதுல இருக்கு" என்று ஒரு காகிதப் பையை உள்ளே தள்ளினாள். "இந்தத் தடவ தடம் தெரியாம வா, தாயே."

அவள் போனதும் ஸ்வாவா பையைப் பிரித்தாள். குதிரை இல்லை, கார் இல்லை. ஒரே ஓர் ஆரஞ்சு. மனசு லேசானது. இருந்தாலும் கையில் எடுத்து எடை பார்த்தாள். லில்யாவுக்கு வாங்கி வைத்திருந்ததைவிட அது கொஞ்சம் பெரியதாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் உருளைக்கிழங்குச் சாக்கைத் தரையில் கவிழ்த்தாள்.

"என்ன தேடறே?" என்றான் ஓட்டார்.

"பிர்னாவுக்கு ஒண்ணு."

நல்ல பருத்த கிழங்குகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். தனக்கு வந்ததைவிடப் பெரியது அவளுக்குப் போய்விடக் கூடாதே! கடைசியில் கோலிக்குண்டு அளவில் ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.