ரிப்பேர்காரர் தேடிய கோளாறு

பரிசோதனைக் கூடங்களில் அவரை எல்லாரும் 'ஜவ்வு சார்' என்றுதான் சொல்வார்கள். ரத்தம் பார்க்கும் மெஷின்களுக்குச் சவ்வு மாற்றுவது அவர் தொழில். எந்த வேலையைத் தொட்டாலும் ஜவ்வாக இழுப்பது அவர் குணம். பேர் எதனால் வந்தது என்று யாரும் அவருக்கு விளக்கியதில்லை. தொழிலால் வந்தது என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் பொறுப்பில் இருந்தவற்றில் ஆகப் பழையது, பிரசவ ஆஸ்பத்திரி மாடியில் இருந்த சர்க்கரை மெஷின். அதன் வயிற்றில் ஒரு சின்னக் குழி, அதில் என்சைம் கரைசல். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் ஒரு சொட்டு விழுந்ததும் என்சைம் அதிலுள்ள சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். தின்னத் தின்ன, கரைசலிலுள்ள ஆக்சிஜன் செலவாகும். மெல்லிய சவ்வுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மின்முனை, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்துச் சர்க்கரையின் அளவைச் சொல்லும். சவ்வில் ஒரு சுருக்கம், அதன் அடியில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போதும், எல்லாம் குளறுபடி.

மகள் கர்ப்பமானபோது அவர்தான் அங்கே போகச் சொன்னார். "நான் பார்த்துக்கற மெஷின்மா. கண்ணை மூடிட்டு நம்பலாம்." போனாள். சர்க்கரை அளவுக்கு மேல் இருக்கிறது என்று வந்தது.

அவர் நம்பவில்லை.

"நம்ம வீட்ல யாருக்கும் சர்க்கரை கிடையாது. மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்றார்.

"போன வாரம் வரைக்கும் அந்த மெஷின் தங்கம்னு சொன்னது யாரு?" என்றாள் மனைவி. "நமக்கு வந்ததும் பித்தளை ஆயிடுச்சா?"

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே ஆஸ்பத்திரி மாடி ஏறினார். பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் ரத்தக் குழாய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"நான் புகாரே கொடுக்கலையே சார்?"

"சும்மா ஒரு பார்வை மேடம். அஞ்சே நிமிஷம்."

மெஷினைப் பிரித்துப் போட்டார். நன்றாக இருந்த சவ்வை உரித்துப் புதுசு மாட்டினார். அது சுருங்கியது. இன்னொன்று மாட்டினார், அடியில் குமிழி. மூன்றாவது ஒழுங்காக உட்கார்ந்தது. மின்முனையைத் துடைத்தார். சூடு சரி, கலக்கி சரி. மறுபடி ஓட்டினால், அதே ரத்தத்துக்கு அதே எண். சனியன் பிடித்த மெஷின் எள்ளளவும் அசையவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"சார், உங்க அஞ்சு நிமிஷம் எப்ப முடியும்?" என்றார் பொறுப்பாளர்.

அப்போதுதான் மெஷினின் சூடான பக்கத்தை ஒட்டி நின்ற சிறு பாட்டில் அவர் கண்ணில் பட்டது. அளவு தெரிந்த சர்க்கரைக் கரைசல். கடைக்காரருக்கு எடைக்கல் எப்படியோ, மெஷினுக்கு அது அப்படி. அதை வைத்துத்தான் மற்ற ரத்தங்களை மெஷின் நிறுக்கும். அதன் மூடி சரியாகத் திருகப்படாமல் சாய்ந்திருந்தது.

அவருக்கு உயிர் வந்தது. "பாருங்க மேடம்! திறந்தே கிடந்திருக்கு. கிருமி விழுந்து சர்க்கரையைத் தின்னுருக்கும். எடைக்கல் தேய்ஞ்சா சரக்கு கூடுதலாத்தானே தெரியும்? எத்தனை பேருக்கு இல்லாத சர்க்கரையை எழுதிக் கொடுத்தீங்களோ!"

"மெஷின் சரியாச் சொல்லுதான்னு சரிபார்க்கிற சீரம் தீர்ந்துபோச்சுன்னு உங்க கம்பெனிக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன்? அது இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்று பொறுப்பாளர் சீறினார். ஆனால் அன்று எந்தத் திட்டும் ஜவ்வு சாருக்கு உறைக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார். "உடனே வாம்மா. எல்லாம் பொய். திரும்பப் பார்த்துடலாம்."

மகள் வந்து, முன்பு போலவே குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, வாந்தியை அடக்கிக்கொண்டு காத்திருந்து, ரத்தம் கொடுத்தாள். அவர் புதுப் பாட்டிலை உடைத்து மெஷினைச் சரிசெய்தார். சொட்டு விழுந்தது. எண் ஏறியது. பழைய எண்ணைத் தாண்டி ஏறிப்போய் நின்றது.

அவர் இன்னொரு தடவை ஓட்டினார். அதேதான்.

கிருமி ஒன்றும் விழவில்லை. மெஷின் சூட்டில் தண்ணீர்தான் ஆவியாகியிருந்தது. மிஞ்சிய கரைசலில் சர்க்கரை கெட்டிப்பட்டிருந்தது. எடைக்கல் தேயவில்லை, கனத்திருந்தது. அதனால் எல்லாருடைய சர்க்கரையும் குறைவாகவே தெரிந்திருக்கிறது. அவர் மகளுடையதும்தான்.

"அப்போ, 'உங்களுக்கு ஒண்ணுமில்லை'ன்னு அனுப்பினேனே, அவங்க?" என்றார் பொறுப்பாளர். முகம் வெளுத்திருந்தது. அடுத்த நொடி போனை எடுத்துவிட்டார்.

"சரி விடுங்கப்பா" என்றாள் மகள். "இருக்குன்னா இருக்கு. பார்த்துக்கலாம்."

"என்னத்தைப் பார்த்துக்கறது?" என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு, யாரிடம் கத்துகிறோம் என்று உணர்ந்து, கழற்றிப் போட்ட சவ்வுகளைக் கைக்குள் கசக்கினார்.

அந்த வாரம் திரும்ப அழைக்கப்பட்ட பெண்களில் சிலருக்குச் சர்க்கரை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்கு, அவரைப் பாராட்டிப் பேசினார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். "கூப்பிடாமலே போய்க் கண்டுபிடிச்சிருக்கீங்க! என்ன அக்கறை!" ஜவ்வு சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் எதற்குப் போனோம் என்பது தனக்கல்லவா தெரியும்? "முதல்ல அந்தச் சீரத்தை அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மகள் விரலைக் குத்திப் பார்க்கும் சின்னக் கருவி வாங்கியிருந்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள், நடந்தாள், எண் மெல்ல இறங்கியது. குறித்த காலத்தில் ஆரோக்கியமான பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அதுவரைக்கும் இருந்த மாதங்களில், அவள் குத்திவிட்டு வைக்கும் கருவியை அவர் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.

"அதுல என்னப்பா தேடறீங்க?"

"இதுவும் அதே என்சைம்தான்" என்பார் கடுப்பாக. "ஆனா பிரிச்சுப் பார்க்க ஒரு ஸ்குரூ கூட வைக்கலை, பாவிங்க."