முடிச்சுப் போட்ட நெல்

நான் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறேன். டயருக்குப் பதில் செயின் ஓடும் வண்டி. சேற்றிலும் போகும். வண்டி ஓனருடையது. என்னுடையது ஆரணியிலிருந்து படவேடு போகும் வழியில் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம். அதை என் மனைவிதான் பார்க்கிறாள். வயல் வேலை இல்லாத நாளில் ஆரணிக்குப் போய்த் தறிக்காரர் வீடுகளில் பாவு சேர்க்கிறாள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் பட்டு இழையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கிற வேலை. அவள் விரல் சும்மா இருக்காது. பேசும்போதும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருப்பாள்.

முன்பெல்லாம் நெல் வரிசையாகப் பழுத்தது. மார்கழி கடைசியில் எங்கள் பக்கம். பொங்கல் கழிந்து தஞ்சாவூர் பக்கம். பங்குனியில் நெல்லூர். வண்டி அதன் பின்னாலேயே போகும். அதனால் எங்கள் வயலை வருஷா வருஷம் நானே அறுத்தேன்.

நான் மேலே உட்கார்ந்து ஓட்டுவேன். அவள் தூசிக்குத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்பாள். தொட்டி நிறைந்ததும் தார்ப்பாயில் கொட்டுவேன். குழாயிலிருந்து விழும் நெல் வெதுவெதுப்பாக இருக்கும். அவள் இரண்டு கையையும் அதன் கீழே நீட்டுவாள். போதும் என்று நான் மேலிருந்து சைகை காட்டுவேன். கையை எடுக்கமாட்டாள். வெளியூரில் நெல் கொட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகம் வரும்.

இப்போது வரிசை இல்லை. வரவேண்டிய மழை தள்ளிப்போகிறது. நடவும் கூடவே தள்ளிப்போகிறது. அறுக்கும் நேரத்தில் மழை வந்து நிற்கிறது. எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறது. பருவம் மாறிவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். எனக்கு அது என் ரூட்டில் தெரிந்தது.

போன தையில் தஞ்சாவூர் பக்கம் இருந்தேன். எங்கள் நெல் அப்போதுதான் பழுத்துக்கொண்டிருந்தது. மழை பிடித்தது. ஈர நெல்லை அறுக்க முடியாது, வண்டி அடைத்துக்கொள்ளும். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அவள் போன் செய்தாள்.

"மாமா, படுத்துக்கிச்சி."

"யாரு?"

"நெல்லுதான். பின்ன நானா படுப்பேன்? எனக்கு ஏது நேரம்."

"மொத்தமுமா?"

"பாதிக்கு மேல. தண்ணி நிக்குது. நீ எப்போ வர்றே?"

ஓனரிடம் கேட்டேன். அவர் கத்தவில்லை. "வண்டிய உட்டுட்டு எப்பிடிப் போவ? வெயில் அடிச்சா யாரு ஓட்டுறது? இவங்களும் காத்துக்கினுதான கீறாங்க" என்றார். அதுவும் சரிதான். அந்த ஊர்ப் பெரியம்மா ஒருத்தர் தினமும் குடை பிடித்துக்கொண்டு டீ கொண்டுவருவார். அவர் வயல் கடைசியில் இருந்தது. அதுவும் சாய்ந்திருந்தது.

"தம்பி, காஞ்சதும் எங்க வயலுக்கு வந்துடுங்க. மறந்துடாதீங்க."

"வரேம்மா."

"உங்க ஊர்ல அறுப்பு ஆயிடுச்சா?"

"ஆவல."

அவர் டம்ளரை மழைத் தண்ணீரில் அலசிக்கொண்டு போனார்.

மறுநாள் நானே போன் செய்தேன். மூச்சு வாங்கப் பேசினாள்.

"இன்னா பண்றே?"

"முடிச்சு போட்டுகினு கீறேன். ஏழெட்டுத் தூரைச் சேத்து நிமித்திக் கட்டுனா நிக்குது. கதிரு தண்ணியில படாது."

"அப்பிடிக் கட்டாத. வண்டியில சுத்திக்கும். அறுக்க முடியாது."

"எந்த வண்டியில?"

அவள் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. என் பக்கமும் அதே சத்தம்.

"சரி, கை ஈரமாக் கீது. வெச்சிடறேன்" என்றாள்.

வெயில் வந்தது. ஒவ்வொரு வயலாக அறுத்தேன். பெரியம்மா வயலையும் அறுத்தேன். அவர் குழாயிலிருந்து தள்ளி நின்று பார்த்தார். கை நீட்டவில்லை. நெல் முளைவிட்டிருந்தது.

அங்கே அறுப்பு முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறினேன். ஆரணியில் இறங்கி, வேறு பஸ் மாறி, பையோடு நேராக வயலுக்குப் போனேன். தலையைச் சேர்த்துக் குடுமி போட்ட பிள்ளைகள் மாதிரி நெல் கொத்துக் கொத்தாக நின்றது. முடிச்சு எல்லாம் ஒரே மாதிரி. இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை. தாழ்வான மூலைக்கு மட்டும் அவளால் போக முடியவில்லை. அங்கே விழுந்த கதிர் மேலேயே பச்சையாக நாற்று கிளம்பியிருந்தது.

அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைத் திருப்பி மடியில் வைத்திருந்தாள். நெல் தாள் கிழித்திருந்தது. அந்தக் கையோடு பட்டு இழையைத் தொட முடியாது. அந்த வாரம் தறி வேலைக்கு அவள் போகவில்லை.

அறுப்புக் கத்தி எடுத்து இரண்டு பேரும் அறுத்தோம். நான் கத்தி பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கொத்தைப் பிடித்துச் சட்டென்று இழுத்தேன்.

"டிரைவரு, மெள்ள. பிரேக் போடு" என்றாள்.

"இதுல பிரேக் ஏது?"

"வெரலு போனா நின்னுடும்."

சிரித்தாள். முதுகு வலித்தது. நல்ல வலிதான். ஒரே வரியில் அவள் பக்கத்தில் குனிந்து போனேன். வண்டி மேலே உட்கார்ந்தால் அவள் இவ்வளவு கிட்டத்தில் இருக்கமாட்டாள். ஆனாலும் அவள் கையில் வெதுவெதுவென்று நெல் கொட்டவேண்டும் என்றுதான் மனசு கேட்டது. அடித்த நெல் சில்லென்று இருந்தது. காயப்போட்டுச் சாப்பாட்டுக்கு வைத்தோம். மில்லுக்கு விற்க மிச்சம் இல்லை.

நெல்லூரிலிருந்து சீக்கிரமே கூப்பிட்டார்கள். அங்கேயும் மழை பயம். அவள் நெல்லை அவித்து, ஆரணியில் அரைத்து, ஒரு பை அரிசி கட்டிக்கொடுத்தாள். பை வாயை அவளுக்குத் தெரிந்த மாதிரி முடிச்சுப் போட்டிருந்தாள். நெல்லூரில் அதை அவிழ்க்க எனக்கு நேரம் ஆயிற்று. வண்டி நிழலில் அடுப்பு வைத்துச் சோறு பொங்கினேன். கொஞ்சம் குழைந்தது. மெல்லும்போது தித்தித்தது. மத்தியானம் அவள் போன் செய்தாள்.

"சோறு எப்பிடி?"

"நல்லாக் கீது."

"தித்திக்கல?"

"தித்திக்குது."

"மூலையில மொளச்சிக் கெடந்தது கொஞ்சம் கலந்துடுச்சி."

"இருக்கட்டும்."

அவள் போனை வைக்கவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"மாமா, அடுத்த தடவ சாஞ்சா முடிச்சு போடட்டா, உட்டுடட்டா?"

இங்கே வானம் வெளுத்திருந்தது. அங்கே எப்படி என்று கேட்கவில்லை.

"போடு. மேட்டுப் பக்கம் ஒரு ஓரம் மட்டும் கட்டாம உட்டு வை."

"எவ்ளோ?"

"வண்டி ஒரு தபா போற அளவு."

"சரி" என்றாள்.